பதின்மூன்று மாத எம்.பி.யின் வாழ்க்கையை எழுதப் போய் நான் பட்ட பாடு

ஒரு முன்னாள் எம்.பி.யின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு, 2022 மே மாதம் தொடங்கி பதினொரு மாதம் அலைந்தேன். செலவெல்லாம் போகக் கையில் நின்றது 24,500 ரூபாய். மாதக் கணக்கில் வகுத்தால் இரண்டாயிரத்து இருநூறு சொச்சம். புத்தகம் வந்துவிட்டது, அதில் என் பெயர் கிடையாது. பெயர் இல்லாததில் எனக்கு இப்போது ஒரு நிம்மதிகூட இருக்கிறது, அது ஏன் என்பது போகப் போகத் தெரியும். பத்திரிகை வேலையை விட்டவர்களுக்கு இந்த மாதிரி அழைப்புகள் அடிக்கடி வரும். பவள விழா மலர், பேரன் பேத்திகளுக்காக ஒரு சுயசரிதை, கம்பெனியின் வெள்ளி விழாவுக்கு ஒரு வரலாறு. அரசியலில் இருந்து தொழிலுக்குப் போய் நாலு காசு பார்த்த பெரியவர்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் கூடுதல். எழுதுகிறவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்று கட்சி, தொகுதி, ஊர் எதையும் சொல்லவில்லை. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

நான் ஒரு வார இதழில் பதினான்கு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். கொரோனாவில் இதழ் நின்றுபோனது. அப்புறம் மெய்ப்புத் திருத்துவது, மொழிபெயர்ப்பு என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்த அச்சகக்காரர் ஒருவர் மூலமாக அந்த எம்.பி.யின் மகன் பேசினார். "மேடம், அப்பாவுக்கு அடுத்த ஏப்ரல்ல எழுபத்தஞ்சு முடியுது. ஒரு நல்ல புக் போடணும். பார்லிமென்ட் வரைக்கும் போனவர், வெறுங்கையோட பிசினஸ் ஆரம்பிச்சு இன்னைக்கு முந்நூறு பேருக்குச் சம்பளம் குடுக்கறார். இளைஞர்களுக்கு ஒரு உந்துதலா இருக்கும்." இரண்டரை லட்சம் பேசினோம். முதல் தவணை எழுபத்தைந்தாயிரம், பாதி அத்தியாயங்கள் முடிந்ததும் எழுபத்தைந்தாயிரம், முழுப் பிரதி கொடுத்ததும் ஒரு லட்சம். பேச்சோடு சரி. காகிதத்தில் எதுவும் இல்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு பெரிய வீட்டில் உட்கார்ந்து, வெள்ளி டம்ளரில் காபி குடித்துக்கொண்டே, "ஒப்பந்தம் போட்டுக்கலாமா சார்?" என்று எப்படிக் கேட்பது என்று நினைத்தேன். அந்தக் கூச்சத்தின் விலை ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம்.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். முதல் தவணையில் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி, பத்து சதவீதம் பிடித்துக்கொண்டு 67,500 போட்டார்கள். பிடித்த பணத்தை அவர்கள் நம் பான் எண்ணில் கட்டினார்களா என்பதை வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் நாமே பார்க்கலாம். நான் பார்த்தது ஆறு மாதம் கழித்து. கட்டவில்லை. கணக்குப் பிள்ளையிடம் மூன்று தடவை கேட்ட பிறகுதான் கட்டினார்கள். ஆறு மாதம் முன்பே பார்த்திருந்தால், இந்த இடத்தில் பணம் எப்படி நகரும் என்பது அப்போதே புரிந்திருக்கும். இன்னொன்று, பதிப்புரிமை. ஒருவர் காசு கொடுத்து எழுதச் சொன்னாலும், நாம் அவரிடம் வேலை பார்க்கும் ஊழியராக இல்லாத பட்சத்தில், எழுத்தின் முதல் உரிமையாளர் எழுதியவர்தான். அதை மாற்றிக் கொடுப்பதென்றால் கையெழுத்திட்ட எழுத்துமூலம் வேண்டும். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கடைசித் தவணை வந்த பிறகே உரிமையை மாற்றித் தருவேன் என்று ஒரே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால், என் கையில் ஒரு பிடி இருந்திருக்கும். அதைவிட முக்கியமானது, யார் சரி என்று சொன்னால் பிரதி முடிந்ததாகக் கணக்கு என்பது. இங்கே வாழ்க்கை அப்பாவுடையது, பணம் மகனுடையது. எனக்கு இரண்டு முதலாளிகள் என்பதை நான் கடைசி வரைக்கும் கவனிக்கவில்லை.

ஐயாவை எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சென்னையிலிருந்து இரவு ரயிலில் போய், இரண்டு நாள் தங்கி, பேசப் பேசப் பதிவு செய்வேன். மொத்தம் முப்பத்தெட்டு மணி நேரப் பதிவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது. பாதியில் முடியாமல் காசு கொடுத்து ஆள் வைத்தேன். வருடத்தைக் கேட்டால் அவர் தடுமாறுவார். "பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா?", "டெல்லி வீட்டுல இருந்தப்பவா?" என்று கேட்டால் சரியாக வந்து நிற்பார். வயதானவர்களிடம் வருடத்தைக் கேட்காதீர்கள். கல்யாணம், சாவு, வீடு மாறியது, மாடு வாங்கியது இவற்றைக் கேளுங்கள்.

அவர் எம்.பி.யாக இருந்தது பன்னிரண்டாவது மக்களவையில். 1998 மார்ச்சில் கூடி, 1999 ஏப்ரல் 26 அன்று கலைக்கப்பட்ட சபை. பதின்மூன்று மாதம். அதற்கு முன்பும் பின்பும் அவர் எந்தச் சபையிலும் இருந்ததில்லை. ஆனால் அவர் பேச்சில் அந்தப் பதின்மூன்று மாதம் ஒரு முப்பது வருடம் போல நீளும். கார்கில் போர் பற்றித் தான் மக்களவையில் பேசியதை ஒரு மத்தியானம் அவ்வளவு உருக்கமாகச் சொன்னார். எந்த வரிசையில் நின்றார், சபாநாயகர் பாலயோகி எப்படித் தலையசைத்தார், எல்லாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இரவு விடுதியில் தேதிகளை வைத்துப் பார்த்தேன். கார்கில் சண்டை தொடங்கியது மே மாதம். அப்போது மக்களவையே இல்லை. மறுநாள் மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எங்கம்மா பேசினேன்?" என்று என்னிடமே கேட்டார். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டியதில் விடை கிடைத்தது. ஊரில் பேருந்து நிலையம் பக்கத்தில் நடந்த ஓர் இரங்கல் கூட்டம். பேச்சு உண்மை, உருக்கம் உண்மை, இடம் மட்டும் மாறியிருந்தது. பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. நினைவு எப்போதும் மேடையைப் பெரிதாக்கிக்கொள்ளும் போலிருக்கிறது.

நாடாளுமன்றப் பகுதியை எழுதுகிறவர்களுக்கு ஒரு பெரிய வசதி, எல்லாம் பதிவில் இருக்கிறது. மக்களவை விவாதங்களை நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் தேடுவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், அப்பா பெயர் விரிந்து நிற்கும். முதல் வாரம் ஐயாவின் பேச்சு மூன்றுதான் கிடைத்தது. எழுத்தை மாற்றி மாற்றித் தேடியதில் பதினேழு கிடைத்தது. அவர் தமிழில் பேசியதெல்லாம் அங்கே ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, தமிழில் ஆற்றிய உரையின் மொழிபெயர்ப்பு என்று அடியில் ஒரு நட்சத்திரக் குறிப்போடு. அதாவது அவர் சொன்ன தமிழ் வாக்கியம் அங்கே கிடைக்காது. ஆங்கிலத்திலிருந்து மறுபடி தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டால் அது அவர் வாக்கியம் ஆகாது, நம் வாக்கியம். நான் மேற்கோள் குறி இல்லாமல், "இந்தப் பொருளில் பேசினார்" என்று எழுதினேன். மகனுக்கு அது பிடிக்கவில்லை, "பஞ்ச் இல்லையே மேடம்" என்றார்.

அமைச்சர் ஒருவரை எழுந்து நின்று தான் விளாசிய கதையை ஐயா நாலு தடவை சொன்னார். அந்த நாளின் பதிவில் அவர் பெயர் இருக்கிறது. பக்கத்தில் "குறுக்கீடுகள்" என்று இருக்கிறது. அடியில் "பதிவு செய்யப்படவில்லை" என்று இருக்கிறது. அவ்வளவுதான். சபாநாயகர் அனுமதி இல்லாமல் பேசினால் அப்படித்தான் வரும். அந்தப் பேச்சு நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, என்ன பேசினார் என்றும் சொல்ல முடியாது. சிறிய கட்சிக்காரர் என்றால் பேச ஒதுக்கும் நேரமும் சொற்பம், கட்சியின் பலத்தைப் பொறுத்துத்தான் நேரம். "ஒரு மணி நேரம் முழங்கினேன்" என்று யாராவது சொன்னால் பக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஐயாவின் நீளமான பேச்சு இரண்டரைப் பக்கம், அதிலும் முடித்துக்கொள்ளுங்கள் என்று சபாநாயகர் இரண்டு இடத்தில் சொல்கிறார். எனக்கு என்னவோ அந்த இரண்டரைப் பக்கம்தான் பிடித்தது. ரயில்வே நிதிநிலை அறிக்கை மீதான பேச்சு. ஒரு சின்ன ரயில் நிலையத்தில் நடைமேடை தாழ்வாக இருப்பதால் கிழவிகள் ஏற முடியவில்லை என்கிறார். பக்கத்து ஊர்க் கிழவி ஒருத்தியைத் தானே தூக்கி ஏற்றிவிட்டதைச் சொல்கிறார். புத்தகத்தில் அதைத்தான் முதல் அத்தியாயமாக வைத்திருந்தேன்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உறுப்பினர் சபைக்குள் சொன்னதற்காக அவர் மேல் வழக்குப் போட முடியாது, அரசியல் சட்டம் 105ஆவது பிரிவில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அதே குற்றச்சாட்டை இருபது வருடம் கழித்துப் புத்தகத்தில் புதிதாகச் சொன்னால் அந்தக் கவசம் கூட வராது. சபையில் இப்படிப் பேசப்பட்டது என்று பதிவை ஒட்டி எழுதுவது வேறு, "அந்த அதிகாரி காசு வாங்கினார்" என்று ஐயா வாயால் எழுதுவது வேறு. அவதூறு வழக்கில் எழுதியவரும் அச்சிட்டவரும்கூட மாட்டுவார்கள். அந்த மாதிரி ஆறு இடத்தைக் கத்தரித்தேன். அதற்கு ஐயா சிரித்துக்கொண்டே, "பயந்தாங்கொள்ளிப் பொண்ணா இருக்கியேம்மா" என்றார். இருக்கட்டும்.

1999 ஏப்ரல் 17 பற்றி அந்தச் சபையில் இருந்த எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் ஒரே ஒரு ஓட்டில் தோற்ற நாள். ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஐயா எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்று சொல்ல மாட்டேன். எதிர்த்து ஓட்டுப் போட்ட 270 பேரும் "என் ஒரு ஓட்டுலதான் கவிழ்ந்துச்சு" என்று சொல்லலாம், எல்லோர் சொல்வதும் உண்மை. ஆதரித்த 269 பேரும் "இன்னும் ஒருத்தன் இருந்திருந்தா" என்று பெருமூச்சு விடலாம். ஐயா அந்த நாளைச் சொல்லும்போது வலது கை ஆள்காட்டி விரலால் மேஜையில் ஒரு பொத்தானை அழுத்துவார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே அழுத்தம். அப்போது மட்டும் அவருக்கு வயது ஐம்பது.

தொகுதிக்குச் செய்த நன்மைகள் என்று மகன் ஒரு பட்டியல் கொடுத்தார். "தொகுதி மேம்பாட்டுக்கு 10 கோடி வழங்கினார்" என்பது முதல் வரி. எம்.பி. நிதியை உறுப்பினர் வழங்குவதில்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் கொடுத்துச் செய்யும். அதைக்கூட விட்டுவிடலாம். 1998-99இல்தான் அந்த நிதி வருடத்துக்கு ஒரு கோடியிலிருந்து இரண்டு கோடி ஆனது. ஐந்து கோடி ஆனது 2011-12இல். பதின்மூன்று மாத உறுப்பினருக்கு எப்படித் தாராளமாகக் கூட்டினாலும் நாலு கோடியைத் தாண்டவில்லை. இந்த மாதிரித் தொகைகளை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால், அந்தக் காலத்தில் வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரு கூட்டல் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மகன் அந்த வரியை விட்டுக்கொடுத்தார். அது அவருக்குச் சின்ன விஷயம்.

பதவி போன பிறகான காலத்தைப் பற்றி ஐயா பேசியதுதான் அந்த முப்பத்தெட்டு மணி நேரத்தில் ஆகச் சிறந்தது. சபை கலைந்து டெல்லி வீட்டைக் காலி செய்து வந்தது, கட்சி மறுபடி சீட்டுக் கொடுக்காதது, வாசலில் காலை ஆறு மணிக்கு நிற்கும் கூட்டம் ஒரே வாரத்தில் காணாமல் போனது. "போன் ரிப்பேராயிடுச்சோன்னு எடுத்து எடுத்துக் காதுல வச்சுப் பார்ப்பேம்மா" என்றார். கூடவே இருந்தவர் பழைய உதவியாளர் ஒருவர்தான். பெட்டி நிறையத் தொகுதி மக்களின் மனுக்களை அவர் இன்னும் வைத்திருக்கிறார். முன்னாள் உறுப்பினருக்கான இலவச ரயில் பயணத்தில் துணைக்கு ஒருவரையும் கூட்டிப்போகலாம் என்பதால், இந்த உதவியாளரோடு சும்மாவே டெல்லி வரை போய்விட்டு வந்தாராம். எதற்கு என்று கேட்டேன். "யாராச்சும் எம்.பி. சார்னு கூப்பிடுவாங்கல்ல" என்றார். 2006இல் சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். அந்த ஆகஸ்ட்டில்தான் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையைக் கையில் எடுத்தார். மகன் சொல்லும் "வெறுங்கை" கதை தொடங்குகிற இடம் இது. புத்தகத்துக்கே அந்தத் தலைப்பைத்தான் முடிவு செய்து, அட்டைப் படமும் வரைந்து வைத்திருந்தார்கள்: விரித்த ஒரு வெறும் உள்ளங்கை.

நான் தேடிப் போய்க் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. தவணைப் பணத்துக்குக் கம்பெனி கொடுத்த கடிதத்தை வருமான வரிக்காக எடுத்து வைத்தபோது, கடிதத்தாளின் அடியில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருந்தது. சிஐஎன் என்பார்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் இருக்கும், 21 எழுத்துகளும் இலக்கங்களுமாக. கடிதத்தாளில் அதை அச்சிட வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். முதலில் யூ, அப்புறம் ஐந்து இலக்கம், அப்புறம் டிஎன் என்று மாநிலம், அடுத்து நாலு இலக்கம். அந்த நாலு இலக்கம் கம்பெனி பதிவான வருடம். அதில் 1998 என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் பதிவுத் தேதியும் இயக்குநர்கள் யார், எப்போது சேர்ந்தார்கள் என்பதும் வரும். நூறு ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்களையும் பார்க்கலாம். அவர் எம்.பி.யாக இருந்த வருடத்தில் மனைவி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் பதிவான கம்பெனி அது. அப்புறம் வரிசையாக எல்லாம் வந்து விழுந்தது. 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளர்கள் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரத்தில் கொடுக்க வேண்டும். 2006இல் அவர் கொடுத்ததில் மனைவியின் பங்குகள் இருந்தன. பன்னிரண்டாவது மக்களவையின் உறுப்பினர் குறிப்பில் தொழில் என்ற இடத்தில் "விவசாயி, தொழிலதிபர்" என்று இருந்தது. அந்தக் குறிப்பு உறுப்பினர்களே எழுதிக் கொடுப்பது. இதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். எம்.பி. வகிக்கக் கூடாது என்று 102ஆவது பிரிவு தடுப்பது அரசாங்கத்தின் கீழ் ஆதாயம் தரும் பதவியை. மனைவி தனியார் கம்பெனி நடத்துவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் வெறுங்கை என்பது போய்விட்டது. இந்த நாலையும் பார்க்க எனக்கு ஆனது ஒரே ஒரு மத்தியானம். எட்டு மாதம் கழித்துப் பார்த்தேன். முன்பணம் வாங்குவதற்கு முந்தைய நாள் பார்த்திருக்க வேண்டும். அரசியல்வாதியாக இருந்து தொழிலதிபர் ஆனவரைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்றால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வருடங்களை முதலில் பாருங்கள். வில்லங்கம் இருந்தால் அங்கேதான் இருக்கும். நல்ல கதை இருந்தாலும் அங்கேதான் இருக்கும்.

ஐயாவிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று வழியெல்லாம் வயிற்றைக் கலக்கியது. அவர் அசரவே இல்லை. "ஏம்மா, அது அவ கம்பெனி. அவங்க அப்பா சீதனமா குடுத்த பணம். மச்சான் நடத்தறேன்னு நடத்தி, நாலு வருஷத்துல பூட்டிட்டான். பூட்டுத் துருப்பிடிச்சுப் போச்சு, சுத்தியல் வச்சுத்தான் திறந்தேன். உள்ள பூனை குட்டி போட்டு வச்சிருக்கு. கடன் வேற இருந்துச்சு." வெறுங்கை என்று அவர் உண்மையாகவே நம்பினார். வாழ்க்கையில் அடி வாங்கி, மனைவியின் செத்துப்போன கம்பெனியை ஐம்பத்தெட்டு வயதில் சுத்தியலால் திறந்த மனிதர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒன்றுமே இல்லாமல் தொடங்கினார் என்பதைவிட இது எவ்வளவு பெரிய கதை! "இதை அப்படியே எழுதட்டுமா ஐயா?" என்றேன். "எழுதிக்கோ" என்றார். அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது.

எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மகன் பேசினார். குரல் மாறியிருந்தது. "1998 எதுக்கு மேடம்? எம்.பி.யா இருந்தப்பவே கம்பெனின்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க." நான் விளக்கினேன். "அப்பாவுக்கு என்ன தெரியும், நான் தானே பணம் குடுக்கறேன்" என்றார். அந்த அத்தியாயத்தை மாற்றிக் கொடுத்தால் மீதி மொத்தமும் அன்றே போட்டுவிடுவதாகச் சொன்னார். இரண்டு இரவு தூங்கவில்லை. பையனின் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதம் அது. அந்தப் பத்தியை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலாவதில், "2006இல் நிறுவனத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்" என்று மட்டும் இருந்தது. பொய் இல்லை, 1998ம் இல்லை. அதை அனுப்பினேன். அவர் ஏற்றுக்கொண்டிருந்தால் பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன், மறைக்க மாட்டேன். ஆனால் "வெறுங்கை" என்ற சொல் வேண்டும் என்றார். அட்டை அச்சாகிவிட்டதாம். அந்தச் சொல்லை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. கொள்கை என்று பெரிதாகச் சொல்ல வரவில்லை. பதினான்கு வருடம் மற்றவர்கள் எழுத்தில் தப்புப் பார்த்த கை, அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பாதி அத்தியாயங்கள் கொடுத்த உடனே இரண்டாம் தவணையைக் கறாராகக் கேட்டிருக்க வேண்டும். "சேர்த்தே வாங்கிக்கலாம் மேடம்" என்று சொன்னதை நம்பிவிட்டேன். பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. வக்கீல் தோழி ஒருத்தி, வாட்ஸ்அப் செய்திகளை வைத்தே வழக்குப் போடலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும் என்றாள். செலவையும் அலைச்சலையும் கணக்குப் போட்டு விட்டுவிட்டேன். அந்த முடிவு சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. சில நாள் ராத்திரி எழுந்து உட்கார்ந்து கோபப்படுவேன். ரயில், விடுதி, தட்டச்சு, நகல் எல்லாம் சேர்த்து 43,000 என் கைக்காசு. அந்த நாட்களில் ஒரு மொழிபெயர்ப்பு வேலையை வேண்டாம் என்று வேறு சொல்லியிருந்தேன். இப்போது வருகிற வேலைகளுக்குப் போகவர ரயில் கட்டணத்தையும் தட்டச்சுக் கூலியையும் தனியாக, முன்னதாகவே வாங்கிவிடுகிறேன். ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம், தமிழில். நீட்டினால் நெளிபவர்கள் உண்டு. நெளிந்தால் நெளியட்டும் என்று காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

புத்தகம் ஏப்ரலில் வந்தது. பழைய உதவியாளர்தான் ஒரு பிரதியைக் கூரியரில் அனுப்பியிருந்தார், "ஐயா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரும்மா" என்று போனில் சொன்னார். கிழவியை ரயிலில் ஏற்றிவிட்ட பக்கம் இல்லை. கார்கில் பேச்சு மறுபடி மக்களவைக்கே போயிருந்தது. ஒன்பதாவது அத்தியாயத்தில் 2006ஆம் ஆண்டு, ஒரு ரூபாய்கூட இல்லாமல், வெறுங்கையோடு தொழில் தொடங்குகிறார். புரட்டிக்கொண்டே வந்து பின்னட்டையைத் திருப்பினேன். முழுப் பக்கத்துக்குக் கம்பெனி விளம்பரம், பெட்டிகள், லாரிகள், சிரிக்கும் தொழிலாளர்கள். கீழே முகவரி. முகவரிக்கும் கீழே, கடிதத்தாளில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள் போல, அந்த 21 எழுத்து எண். நடுவில் 1998.